பழைய அமெரிக்கக் கலைக்கண்ணாடி: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் எந்தச் சிற்றூரின் ஆன்டிக் மாலுக்குள் போனாலும் கண்ணாடிச் சாமான் அடுக்கிய அலமாரி ஒன்றாவது இருக்கும். தட்டு, டம்ளர், உப்புக்குப்பி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கிண்ணம். அதன் விளிம்பு மடிப்பு மடிப்பாக நெளிந்திருக்கும். கையில் எடுத்துத் திருப்பினால் மயில்கழுத்துப் பட்டில் ஓடுவதுபோல நிறம் ஓடும்; ஆரஞ்சு பச்சையாகும், பச்சை ஊதாவாகும். விலைச்சீட்டில் 35 டாலர் என்று போட்டிருப்பார்கள். அது 1910இல் செய்ததா, 1985இல் செய்ததா? அந்த விலைக்குத் தகுமா? பல நேரம் கடைக்காரருக்கே தெரியாது. நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் கையெழுத்தையும் முத்திரையையும் நம்பி வாங்காதீர்கள். கண்ணாடியைப் படித்து வாங்குங்கள். குழம்பில் என்ன சேர்த்தார்கள், எந்த இடத்தை மறுபடி சூடாக்கினார்கள், சூடாக இருக்கும்போதே மேலே எதைத் தெளித்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு சாடியிலும் பதிந்திருக்கிறது. போலிக் கையெழுத்தைச் சில நிமிடத்தில் செதுக்கிவிடலாம். உலையில் நடந்ததை அவ்வளவு லேசில் போலி செய்ய முடியாது.

நிறம் எப்படி வந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

1883இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஈஸ்ட் கேம்பிரிட்ஜில் இருந்த நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசப் லாக், ஆம்பரினா என்ற கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். தேன் நிறக் கண்ணாடிக் குழம்பில் மிகச் சிறிதளவு தங்கம் கரைந்திருக்கும். ஊதி உருவம் கொடுத்ததும் சாடி முழுவதும் தேன் நிறத்தில்தான் இருக்கும். பிறகு மேல்பாதியை மட்டும் மறுபடி உலைவாயில் காட்டுவார்கள். சூடு பட்ட இடத்தில் தங்கம் நுண்துகள்களாகத் திரண்டு சிவப்பாகும். மேலே மாணிக்கச் சிவப்பு, கீழே தேன். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இதைத் தெரிந்து வைத்திருப்பதில் நேரடிப் பயன் உண்டு. வெளியே சிவப்புச் சாயம் பூசிய மலிவான சாடிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நிறம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும். அடியில் தேய்ந்த இடத்தையும் விளிம்பில் கீறிய இடத்தையும் லென்ஸில் பாருங்கள். சாயம் போய் உள்ளே இருக்கும் நிறமற்ற கண்ணாடி தெரியும். ஆம்பரினாவில் எவ்வளவு ஆழமாகக் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான்.

இரண்டு வருடம் கழித்து, 1885இல், நியூ பெட்ஃபோர்டில் இருந்த மவுண்ட் வாஷிங்டன் கம்பெனியின் ஃபிரெடெரிக் ஷெர்லி பர்மீஸ் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். இது ஒளி ஊடுருவிப் பார்க்க முடியாத, மங்கலான கண்ணாடி. இதில் தங்கத்தோடு யுரேனியம் ஆக்சைடும் சேரும். யுரேனியம் எலுமிச்சை மஞ்சளைக் கொடுக்கும். மறுபடி சூடாக்கிய பகுதியைத் தங்கம் ரோஜா நிறமாக்கும். விக்டோரியா அரசிக்கு இந்தக் கண்ணாடியைப் பரிசாக அனுப்பி, அந்தப் பெயரை வைத்தே இங்கிலாந்தில் தாமஸ் வெப் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். புற ஊதா டார்ச்சை அடித்தால் பர்மீஸ் பச்சையாக ஒளிரும்.

பீச்ப்ளோ என்ற கண்ணாடி வகையின் கதை வேறு. 1886இல் நியூயார்க்கில் மேரி மார்கன் என்ற செல்வந்தப் பெண்மணியின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் எட்டு அங்குல உயரமே இருந்த ஒரு சீனப் பீங்கான் சாடி 18,000 டாலருக்குப் போனது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. வெஸ்ட் வர்ஜீனியாவின் வீலிங் நகரில் இருந்த ஹாப்ஸ், ப்ராக்குனியர் கம்பெனி அதே வடிவத்தைக் கண்ணாடியில் செய்து, ஆம்பர் நிறத் தாங்கியோடு சேர்த்துச் சாதாரண வீடுகளுக்கு விற்றது. அசலான சீனச் சாடி இன்று பால்டிமோரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது நிறம் ஓடும் மினுமினுப்பு. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த ரோமானியக் கண்ணாடியில் ஈரமும் மண்ணும் சேர்ந்து மேற்பரப்பை மெல்லிய ஏடுகளாக உரித்துவிடும். ஒளி அந்த ஏடுகளில் பட்டுச் சிதறும்போது வானவில் நிறங்கள் தெரியும். இதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933). நகைக்கடை டிஃபனியின் நிறுவனர் சார்லஸ் டிஃபனியின் மகன். 1893இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், கொரோனா என்ற இடத்தில், ஆர்தர் நாஷ் என்ற ஆங்கிலேயக் கண்ணாடி வல்லுநரின் பொறுப்பில் உலை தொடங்கினார். அடுத்த வருடம் ஃபேவ்ரில் என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். உலோக உப்புகளைக் கண்ணாடிக்குள்ளும் சேர்த்து, சூடான மேற்பரப்பிலும் ஆவியாகப் படியவிட்டு, மண்ணுக்கு நூற்றாண்டுகள் பிடித்த வேலையைப் பட்டறையில் நிமிடங்களில் முடித்தார்கள்.

1903இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் ஃபிரெடெரிக் கார்டர், தாமஸ் ஹாக்ஸுடன் சேர்ந்து ஸ்டூபென் கிளாஸ் ஒர்க்ஸைத் தொடங்கினார். அடுத்த வருடமே தங்க நிற மினுமினுப்போடு ஆரீன் வந்தது. டிஃபனி தரப்பு 1913இல் வழக்குப் போட்டு, பிறகு கைவிட்டது. டிஃபனியின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் கண்ணாடி என்ற பொருளையே உள்ளும் புறமும் அறிந்தவர் என்றால் நான் கார்டரைத்தான் சொல்வேன். நூறு வயதுவரை வாழ்ந்து, 1963இல் இறந்தார்.

கார்னிவல் கிளாஸ்: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்

டிஃபனியும் ஆரீனும் பணக்காரர் வீட்டுப் பொருள்கள். அந்த மினுமினுப்பை எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோனவர்கள் ஃபென்டன் சகோதரர்கள். ஃபிராங்க் ஃபென்டனும் ஜான் ஃபென்டனும் 1905இல் ஓஹாயோவின் மார்ட்டின்ஸ் ஃபெரியில், பிறர் செய்த கண்ணாடியை வாங்கிச் சித்திரம் தீட்டி விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள். 1907 ஜனவரியில் வெஸ்ட் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் சொந்தத் தொழிற்சாலை. அந்த ஆண்டு முடிவதற்குள் மினுமினுக்கும் கண்ணாடி விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று கார்னிவல் கிளாஸ் என்று அழைக்கப்படுவது அதுதான். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்கள் கொடுத்தது. அக்கால விளம்பரங்களில் தேடினால் கிடைக்காது.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் பிறகு எல்லாம் எளிது. ஒருவர் உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றியெடுத்து இரும்பு அச்சில் விழவிடுவார். இன்னொருவர் தேவையான அளவில் கத்தரியால் வெட்டிவிட்டு, மேலிருந்து அழுத்துக்கட்டையை இறக்குவார். பூவேலை, திராட்சைக்கொத்து, மயில் எல்லாம் அந்த ஒரே அழுத்தில் பதிந்துவிடும். வெளியே எடுத்ததும் மறுபடி சூடாக்குவார்கள். பிறகுதான் கைவேலை: இளகிய விளிம்பைக் கருவியால் விரிப்பார்கள், மடிப்பார்கள், நெளிப்பார்கள். அதனால் ஒரே அச்சிலிருந்து தட்டு, ஆழமான கிண்ணம், வாய் குவிந்த ரோஜாக் கிண்ணம் எல்லாம் வரும். கடைசியாக இரும்பு, வெள்ளீயம் போன்றவற்றின் உப்புக்கரைசலைச் சூடான கண்ணாடியின் மேல் தெளிப்பார்கள். நிறம் ஓடும் அந்தத் தோல் அப்போது உண்டாவதுதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, தெளித்த தோலின் நிறம் வேறு, கண்ணாடியின் நிறம் வேறு. கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்து, பூச்சு அதிகம் படாத அடிவளையத்தின் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். நிறமே இல்லாத கண்ணாடியின் மேல் ஆரஞ்சுப் பூச்சு இருந்தால் அது மேரிகோல்ட், மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. ஊதா, கருநீலம், பச்சை அதைவிடக் குறைவு. உண்மையான சிவப்பு அரிது. ஏலத்தில் விலை ஏறுவது அதனால்தான். இரண்டு, தட்டையாக விரித்த தட்டுகள் கிண்ணங்களைவிட எண்ணிக்கையில் குறைவு. அதே அச்சு, அதே நிறமாக இருந்தாலும் தட்டுக்கு விலை கூடுதல். மூன்று, உள்ளே மெல்லிய முடிபோலத் தெரியும் ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கத்தரியால் வெட்டிய தடம் குளிர்ந்து அப்படி நின்றுவிடும். நகத்தில் தட்டாது, வெளிச்சத்தில் பளீரென்று மின்னாது. விரிசல் என்றால் ஒரு கோணத்தில் வெள்ளியாகப் பளிச்சிடும்.

ஃபென்டனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்: வீலிங்கில் நார்த்வுட், ஓஹாயோவின் பெல்லேரில் இம்பீரியல், பென்சில்வேனியாவில் டூகன். ஜான் ஃபென்டன் தம்பியை விட்டுப் பிரிந்து ஓஹாயோவின் மில்லர்ஸ்பர்கில் 1909இல் தனியாகத் தொடங்கினார், 1911இல் திவாலானார். அவ்வளவு குறுகிய காலமே நடந்ததால் மில்லர்ஸ்பர்க் கிண்ணங்களுக்கு இன்றும் கிராக்கி அதிகம். அவற்றின் மேல்பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்குப் பளபளக்கும்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்திலும் மினுமினுக்கும் டம்ளர்களும் பூச்சாடிகளும் செய்தார்கள். சில டம்ளர்களின் அடியில் ஜெயின் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஊருக்குப் போகும்போது பழைய சாமான் கடைகளில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வையுங்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த கைகள்

இந்தக் கண்ணாடிக்கு அமெரிக்கக் கண்ணாடி என்று பெயர் இருந்தாலும் அதைச் செய்த கைகள் பலவும் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்தில் பழகியவை. ஆம்பரினாவின் ஜோசப் லாக், டிஃபனியின் ஆர்தர் நாஷ், ஸ்டூபெனின் கார்டர், ஹாரி நார்த்வுட் எல்லாரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். நார்த்வுட் 1881இல் அமெரிக்கா வந்து ஹாப்ஸ், ப்ராக்குனியரில் வேலைக்குச் சேர்ந்தார். 1902இல் அதே தொழிற்சாலைக் கட்டடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஃபிராங்க் ஃபென்டன் இளம்வயதில் நார்த்வுட்டிடம் வேலை பார்த்தவர். ஒருவரிடம் கற்றவர் இன்னொரு பட்டறைக்குப் போவதும், வடிவமும் சூத்திரமும் கூடவே போவதும் சகஜம். அதனால் சாயலை மட்டும் வைத்து இது இன்ன கம்பெனி என்று முடிவுகட்ட முடியாது.

வெஸ்ட் வர்ஜீனியா, ஓஹாயோ பக்கம் தொழிற்சாலைகள் குவிந்ததற்குக் காரணம் இயற்கை எரிவாயு. உலை இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும். எரிவாயு மலிவாகக் கிடைத்த இடத்தில், நல்ல மணலும் ஆற்றுப் போக்குவரத்தும் சேர்ந்தபோது, தொழில் அங்கே நகர்ந்தது. நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனியே 1888இல் டோலிடோவுக்கு இடம்பெயர்ந்து, பிறகு லிபி என்ற பெயரில் பெரிய நிறுவனமானது.

1930கள் இந்தத் தொழிலின் முதுகை முறித்தன. பொருளாதார வீழ்ச்சியோடு ரசனையும் மாறியது. டிஃபனி ஸ்டூடியோஸ் 1932இல் திவால். 1933இல் ஸ்டூபென் வண்ணக் கண்ணாடியை விட்டு நிறமற்ற படிகக் கண்ணாடிக்கு மாறியது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் டிஃபனி விளக்குகள்கூட வேண்டாப் பொருளாகக் கிடந்தன. 1957இல் லாங் ஐலண்டில் டிஃபனியின் மாளிகையான லாரெல்டன் ஹால் தீக்கிரையானது. மீந்த ஜன்னல்களையும் தூண்களையும் ஹியூ மெக்கீன், ஜெனட் மெக்கீன் தம்பதி மீட்டு ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். வின்டர் பார்க்கில் உள்ள மோர்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று அவற்றைப் பார்க்கலாம். மதிப்பு திரும்பி வந்த கதைக்கு ஒரு சான்று போதும்: 1997இல் ஒரு தாமரை விளக்கு சுமார் 28 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எந்தப் பாதையில் இறங்குவது

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையும், அறிவு வளராது. ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதைக் கொஞ்ச காலம் விடாமல் பாருங்கள்.

ஃபென்டனில் தொடங்கச் சொல்வேன். காரணம், அதன் காலத்தைச் சரிபார்க்க முடியும். 1970க்கு முன் ஃபென்டன் கண்ணாடியில் காகித லேபிள் மட்டும்தான். அது பெரும்பாலும் உரிந்துபோயிருக்கும். 1970இலிருந்து கார்னிவல் வகைகளிலும், சில வருடங்களில் மற்றவற்றிலும், நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்ற பெயரை அச்சிலேயே பதித்தார்கள். அந்தப் பெயருக்குக் கீழே சின்னதாக 8 இருந்தால் 1980கள், 9 இருந்தால் 1990கள், 0 இருந்தால் 2000த்துக்குப் பிந்தையது. கடையில் முதலில் அடியைப் பார்க்காமல் காலத்தை ஊகியுங்கள், அப்புறம் திருப்பிப் பாருங்கள். கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. 1950களில் பரவலான, மேலெல்லாம் குமிழ் குமிழாக இருக்கும் பால்வெள்ளை ஹாப்நெயில் வகை ஏராளமாகச் செய்யப்பட்டதால் மலிவாகவே கிடைக்கும். நிறுவனம் 2011இல் உலையை நிறுத்திவிட்டது.

உருவத்தையும் திடமான நிறத்தையும் விரும்புகிறவர்களுக்கு ப்ளெங்கோ. இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் ப்ளெங்கோ 1921இல் வெஸ்ட் வர்ஜீனியாவின் மில்டனில் தேவாலய ஜன்னல்களுக்கான வண்ணக் கண்ணாடி செய்யத் தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சியில் தேவாலயங்கள் கட்டுவது நின்றதும் சாடி, குடுவைக்குத் திரும்பினார்கள். 1950, 60களில் வேய்ன் ஹஸ்டட், ஜோயல் மையர்ஸ் வடிவமைத்த, இரண்டடிக்கு மேல் உயரும் மூடிக் குடுவைகள் என் கண்ணுக்கு அமெரிக்கக் கண்ணாடியின் மிகத் துணிச்சலான வடிவங்கள். பெரும்பாலானவற்றில் முத்திரை இருக்காது. அதனால் உருவத்தைக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். ப்ளெங்கோ உலை இன்றும் எரிகிறது. நேரில் போய் ஊதுவதைப் பார்க்கலாம்.

டிஃபனி, ஸ்டூபென், க்வெசல், டுராண்ட் போன்றவற்றை முதல் சில வருடங்களுக்கு அருங்காட்சியகத்தில் மட்டும் பாருங்கள். விலை ஒரு பக்கம் இருக்க, போலிகள் அதிகம் புழங்கும் இடம் அது. டிப்ரெஷன் கிளாஸ் என்று சொல்லப்படும் இளஞ்சிவப்பு, பச்சைத் தட்டுகள் இயந்திரத்தில் செய்யப்பட்ட மலிவுப் பொருள்கள். அழகுதான், ஆனால் அது வேறு சேகரிப்பு.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளை எல்ஈடி டார்ச், புற ஊதா டார்ச், அளவு நாடா, மெல்லிய துணி. இவ்வளவு போதும்.

புற ஊதா டார்ச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். கடையில் 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர் என்று இரண்டு வகை கிடைக்கும். யுரேனியக் கண்ணாடி இரண்டிலும் பளீரென்று பச்சையாக ஒளிரும். மாங்கனீஸ் சேர்த்த பழைய கண்ணாடியும் 365இல் மங்கலான பச்சை காட்டும். புதியவர்கள் அதையே யுரேனியம் என்று நினைத்துவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் 395இல் பாருங்கள். அப்புறம், ஒளிர்கிறது என்பதாலேயே பழையது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 1943 வாக்கில் யுரேனியத்தை அணுகுண்டுத் திட்டத்துக்காக அரசு கட்டுப்பாட்டில் எடுத்தது. 1958க்குப் பிறகு கண்ணாடித் தொழிலுக்கு மறுபடி கிடைத்தது. ஃபென்டன் 1970இலிருந்து செய்த பர்மீஸும் 1885 பர்மீஸைப் போலவே ஒளிரும். யுரேனியக் கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயம் வேண்டாம். அதில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், அவ்வளவுதான்.

கடையில் ஒரு சாடியைப் பார்க்கும் முறை

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் எடுங்கள். கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரல்நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் சின்னச் சில்லு பெயர்ந்த இடமும் நகத்தில் தட்டும். உடைந்த விளிம்பைச் சிலர் தேய்த்துச் சமமாக்கி விற்பார்கள். உலைச்சூட்டில் முடித்த விளிம்பு எங்கும் உருண்டையாக வழவழப்பாக இருக்கும். தேய்த்தது தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். உயரமும் கொஞ்சம் குறைந்திருக்கும். அளவு நாடா இதற்குத்தான்.

பிறகு அடியைப் பாருங்கள். ஊதிச் செய்த சாடியில், கம்பியிலிருந்து பிரித்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். சிலர் அதைச் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள், சிலர் தேய்த்து வழவழப்பான குழியாக்கியிருப்பார்கள். அச்சில் அழுத்தியதில் இந்தத் தழும்பு இருக்காது, பக்கவாட்டில் அச்சு மூட்டுக்கோடு தெரியும். எண்பது நூறு வருடம் மேசையில் நகர்ந்த அடிப்பாகத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கலைந்து, தரையில் படும் வளையத்தில் மட்டும் இருக்கும். தரையையே தொடாத உட்குழியிலும் கீறல் இருக்கிறது, எல்லாம் ஒரே திசையில் இருக்கிறது என்றால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பூவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பல வருடம் வைத்திருந்த சாடியில் உட்புறம் வெண்மையாக மங்கியிருக்கும். அது சுண்ணாம்புப் படிவாக இருந்தால் போய்விடும். கண்ணாடியையே அரித்துவிட்டிருந்தால் வீட்டு வைத்தியம் எதற்கும் போகாது. சில விற்பனையாளர்கள் எண்ணெய் தடவி அதை மறைப்பதுண்டு. உள்ளே துணியை விட்டுத் துடைத்து, விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முத்திரையும் கையெழுத்தும்

டிஃபனி சாடிகளின் அடியில் எல்.சி.டி. என்றோ முழுப்பெயரோ செதுக்கியிருக்கும். அதே காலத்தில் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், லோட்ஸ் நிறுவனம் இதே மாதிரி மினுமினுக்கும் அருமையான கண்ணாடியைச் செய்தது. அதில் பெரும்பகுதி கையெழுத்து இல்லாதது. பின்னால் வந்த மோசடிக்காரர்கள் அப்படிப்பட்ட சாடிகளில் டிஃபனியின் பெயரைச் செதுக்கி விற்றார்கள். பழைய கையெழுத்தின் பள்ளத்தில் காலத்தின் அழுக்கு தங்கி, தேய்மானக் கீறல்கள் எழுத்தின் மேலாகக் குறுக்கே ஓடியிருக்கும். கீறல்களை வெட்டிக்கொண்டு எழுத்து ஓடினால், எழுத்து பிறகு வந்தது. லென்ஸில் இது தெளிவாகத் தெரியும்.

நார்த்வுட் முத்திரை, வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட ஆங்கில என் எழுத்து. நார்த்வுட் செய்த எல்லாவற்றிலும் அது இருக்காது. அதே சாயலில் கோடு கூட்டிப் போட்ட முத்திரையோடு பிற்கால மறுபதிப்புகளும் உண்டு. இம்பீரியல் 1960களில் தன் பழைய அச்சுகளையே எடுத்து மறுபடி கார்னிவல் செய்தது. அவற்றில் ஆங்கில ஐ, ஜி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவையும் நல்ல கண்ணாடிதான். 1910இல் செய்த பொருளுக்கான விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி.

எங்கே வாங்குவது, என்ன விலைக்கு

எஸ்டேட் சேல்தான் முதல் இடம். ஒரு வீட்டின் மொத்தச் சாமானும் வெளியே வரும். கடைசி நாளில் பெரும்பாலும் பாதி விலையாகிவிடும். சேகரிப்பாளர் சங்கங்களின் ஆண்டுக்கூட்டத்தில் நடக்கும் ஏலத்துக்குப் போங்கள். வாங்காவிட்டாலும் முந்தின நாள் பார்வைக்கு வைக்கும்போது நூற்றுக்கணக்கான கிண்ணங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஏலத்தில் சொன்ன விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் உண்டு. கை தூக்குவதற்கு முன் அது எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில் வருடத்துக்கு மூன்று முறை கூடும் பிரிம்ஃபீல்ட் சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்.

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். இணையம் வந்த பிறகு, அரிது என்று நினைத்திருந்த பலவும் எல்லா ஊரிலும் இருப்பது தெரிந்து, சாதாரணக் கிண்ணங்களின் விலை இறங்கிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது நல்ல காலம். நல்ல நிலையில் உள்ள மேரிகோல்ட் கிண்ணத்தைச் சில பத்து டாலர்களிலேயே வாங்கிவிடலாம். விற்பவரிடம் அடிப்பாகம், விளிம்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது என்று மூன்று படங்கள் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய செலவுக்கு முன் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். கார்டரின் வேலைகளுக்கென்றே அங்கே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. டோலிடோ கலை அருங்காட்சியகத்தின் கண்ணாடி மண்டபமும், வெஸ்ட் வர்ஜீனியாவின் வெஸ்டனில் உள்ள அமெரிக்கக் கண்ணாடி அருங்காட்சியகமும் போகத் தகுந்தவை. வெஸ்டனில் கம்பெனிவாரியாக அடுக்கியிருப்பது புதியவர்களுக்குப் பாடநூலுக்குச் சமம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். குளிர்காலத்தில் காரிலிருந்து எடுத்து வந்ததை உடனே தண்ணீரில் போடாதீர்கள், அறைச்சூட்டுக்கு வரட்டும். சுண்ணாம்புப் படிவுக்கு வெள்ளை வினிகர் ஊற்றி ஊறவைக்கலாம், ஆனால் கையால் சித்திரம் தீட்டிய சாடியில் வேண்டாம். மினுமினுப்புப் பூச்சின் மேல் சொரசொரப்பான நார் எதுவும் படக் கூடாது. பழைய காகித லேபிள் ஒட்டியிருந்தால் அதை நனைக்காமல் சுற்றித் துடையுங்கள். ஃபென்டனிலும் ப்ளெங்கோவிலும் பல நேரம் அதுதான் ஒரே சான்று.

அலமாரியில் கிண்ணத்துக்கு அடியில் மியூசியம் வேக்ஸ் என்று கிடைக்கும் மெழுகைக் கடுகளவு வைத்தால் அதிர்வில் நகராது. வாங்கிய நாள், இடம், விலை, உயரம், அகலம், அடியின் படம், குறை எங்கே இருக்கிறது என்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். யார் வீட்டுச் சாமான் என்று விற்பவர் சொன்னால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.